யாரும் சாகவில்லை, அப்பா பழகுகிறார்

1959ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். இலங்கை மலைநாட்டில் கொட்டகலையிலிருந்து நாலு மைல் மேலே ஏறினால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பத்து அறைகள் வரிசையாக ஒட்டிய லயத்தில் ஏழாவது காம்பரா எங்களுடையது. அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். எனக்குப் பதினேழு வயது. டிசம்பரில் எஸ்.எஸ்.சி. பரீட்சை. எங்கள் லயத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் பரீட்சை எழுதப்போவது நான் மட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட, "என்ன தம்பி, கணக்கெல்லாம் வருதா?" என்று நாலு பேர் விசாரிப்பார்கள். லயமே பரீட்சைக்குப் போவதுபோலத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் அப்பா தப்பு மேளம் அடிக்கப் பழக ஆரம்பித்தார்.

ஆசைப்பட்டுப் பழகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடிகளை இடுப்புக்குக் கீழே ஒரே மட்டமாக வெட்டிவிடும் வேலை அது. அந்த ஆவணியில் மழை ஊறிய சரிவில் கால் வழுக்கி, மூன்று வரிசைச் செடிகளைத் தாண்டிப் போய் விழுந்தார். கால் ஒடிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கால் வளைந்து கூடியது. சமதரையில் கெந்திக் கெந்தி நடப்பார், மலை ஏற முடியாது.

தோட்டத்தில் வேலை பார்க்காதவனுக்குச் செக்ரோல் என்கிற ஆள் பதிவில் பேர் இருக்காது. வெட்டிவிடுவார்கள். பேர் போனால் இருக்கிற காம்பராவும் போகும். எங்கள் பிரிவை மேற்பார்க்கிற கண்டாக்கையா பொல்லாதவர் அல்ல. ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். வேலை வாங்குவதும் பேர் வெட்டுவதும் அவர் கையில்தான் இருந்தது. ஒரு நாள் எங்கள் காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்று, அப்பாவின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவிடம் சொன்னார்:

"தப்படிக்கிற ஆளு மகனோட ராகலைத் தோட்டத்துக்குப் போறான். அந்த வேல காலியாகுது. கொஞ்ச நாளைக்குக் கங்காணிமாரு கதவத் தட்டி எழுப்பட்டும். ஒம் புருசன் ஒரு மாசத்துல பெரட்டுக்கு அடிக்கப் பழகிட்டா, பேரு இருக்கும். இல்லாட்டி மகன் பேரப் பதிஞ்சிருங்க. படிச்சது போதும்ல?"

அவ்வளவுதான். அப்பாவுக்குத் தப்பு வந்தால் நான் பரீட்சை எழுதலாம். வராவிட்டால் நான் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகவேண்டும்.

எங்கள் தோட்டத்தில் அப்போது காலையில் சங்கு ஊதும் வழக்கம் வரவில்லை. தப்புதான். விடியுமுன் கோவில் மேட்டில் நின்று அடித்தால், அரை மணி நேரத்தில் ஆட்கள் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கவேண்டும். அங்கேதான் இன்னாருக்கு இன்ன மலை என்று வேலை பிரிப்பார்கள். அதே தப்பைத்தான் சாமிக்கும் அடிப்பார்கள், சாவுக்கும் அடிப்பார்கள். அடிதான் வேறு. பெரட்டு அடி விறுவிறுவென்று போகும், தூங்குகிறவனைத் தோளைப் பிடித்து உலுக்குகிறமாதிரி. சாவு அடி இழுத்து இழுத்து விழும். எந்த அடி எதற்கு என்று எங்கள் தோட்டத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். என் அப்பாவுக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

ராகலைக்குப் போனவர் கிளம்புகிற அவசரத்தில் இரண்டு தரம் அடித்துக் காட்டிவிட்டு, தப்பையும் குச்சிகளையும் அப்பாவின் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வலது கையில் குட்டைத் தடிக்குச்சி. இடது கையில் மெல்லிய நீளக்குச்சி. தடிக்குச்சி ஓங்கி அடிக்க, மெல்லியது இடையில் புகுந்து ஓடவேண்டும். அப்பாவின் வலது கை முதல் நாளே பழகிவிட்டது. இடது கையோ ஒரு மூச்சு தாமதித்துத்தான் வந்து விழும். அந்த ஒரு மூச்சில் எல்லாம் கெட்டது. இடது கை பிந்தப் பிந்த, வலது கை அதற்காகக் காத்திருக்க, விறுவிறுவென்று கிளம்பிய பெரட்டு அடி நாலாவது சுற்றிலேயே தளர்ந்து, இழுபட்டு, சாவு அடியாகி நிற்கும்.

"இருவது வருசமா இந்தக் கை கெளையப் புடிச்சிக்கிட்டு நின்ன கை தம்பி," என்பார் அப்பா, இடது கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "வெட்டுறது அது, புடிக்கிறது இது. இப்ப திடீர்னு இதையும் அடின்னா, எதப் புடிக்கிறதுன்னு தேடுது."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டடிக்குப் பத்தடி காம்பராவில், ஒரே சிமினி விளக்கின் முன்னால், கேத்திரகணிதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டால் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் விட்டு நாலு மைல் ஏறி வீடு வந்து சேரும்போதே, வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சிகளான மிளாறு எரிகிற புகை கண்ணைக் கரிக்கும். எங்கள் ஊர்ப் பனிக்குத் தப்பின் தோல் தொய்ந்து போகும். அனலில் காட்டினால்தான் இறுகிச் சத்தம் வரும். அதனால் ஒவ்வொரு மாலையும் முதலில் புகை. பிறகு தப்பு. நான் உள்ளே உட்கார்ந்தால் அப்பா இஸ்தோப்பில் அடிப்பார். மழை பெய்தால் அவரும் உள்ளே வந்துவிடுவார். அந்த ஐப்பசியில் மழை பெய்யாத மாலை எது? ஒரு தேற்றத்தை நான் பாதி நிறுவுவதற்குள் அவர் நாலு முறை பெரட்டுக்கு அழைத்து, நாலு முறை யாரையாவது சாகடித்துவிடுவார்.

இது போதாதென்று யோசனை சொல்ல வந்தவர்கள் வேறு. எங்கள் லயத்தில் தப்பைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் எப்படி அடிக்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முழங்கையை ஒட்டி வை என்றார் ஒருவர். முழங்கையை விரித்து வை என்றார் இன்னொருவர். மூச்சை அடக்கிக்கொண்டு அடித்துப் பார் என்றார் மூன்றாமவர். அப்பா மூன்றையும் செய்து பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யார் என்ன சொன்னாலும், "அப்படியா அண்ணே?" என்று உடனே அப்படியே செய்து பார்ப்பார். முகத்தில் ஒரு சுணக்கம் கிடையாது.

பக்கத்துக் காம்பராவில் ஒரு அத்தை. உறவு இல்லை. அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. கொழுந்தெடுக்கும் பெண்களை விரட்டி வேலை வாங்குகிற கங்காணிச்சிகளையே வாயடைக்க வைக்கிற வாய். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருக்கிற சுவர் கூரை வரை போகாது. மேலே திறந்தே கிடக்கும். அந்தத் திறப்பு வழியாக அத்தையின் குரல் ஒவ்வொரு மாலையும் எங்கள் தலையில் வந்து விழும்.

"அண்ணே! ஆவணியிலதான ஒங்க காலு ஒடிஞ்சதுக்கு அழுதேன்? இப்ப கையும் ஒடியட்டும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்!"

"இந்தா முடிச்சிர்றேன் ஆத்தா. இன்னும் ரெண்டே சுத்து," என்பார் அப்பா.

"ஒங்க ரெண்டு சுத்து எனக்குத் தெரியாதாக்கும்! நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!"

நிறுத்தமாட்டார். மூன்றாவது வாரத்தில் நான் பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்செடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டேன். அதன்பிறகு தப்புச் சத்தம் எங்கோ அடுத்த மலையில் கேட்பதுபோல் மங்கிவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்சம் மெதுவாக அடித்தார். மெதுவாக அடித்தால் அது இன்னும் சாவு அடியாகத்தான் ஆகும் என்று தெரிந்தும் அடித்தார்.

கண்டாக்கையா கொடுத்த தவணை முடிய எட்டு நாள் இருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் ஊரே மணக்கும். வாரத்தில் ஒரு நாள்தான் இறைச்சி. அபூர்வமாக அன்றைக்கு வெயில் அடித்தது. வெயிலைக் கண்ட அப்பா, திறந்தவெளியில் அடித்தால் கை விரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, லயத்துக்கு மேலே இருந்த பாறையில் ஏறி உட்கார்ந்து காலையிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தார். நான் காம்பராவுக்குள் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று வாசலில் நிழல் ஆடியது. பஞ்சை எடுத்தேன். வெளியே ஒப்பாரி.

ஓடிப்போய்ப் பார்த்தால், கீழ்ப்பிரிவு லயத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வருகிறார்கள். பின்னால் ஆண்கள், தோளில் துண்டு. ஒரு கிழவி நேரே வந்து என் அம்மாவைக் கட்டிப்பிடித்து, "போயிட்டாரா? ஒன்ன இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டாரா?" என்று அழுகிறாள். கால் ஒடிந்த மனுசர் அல்லவா, அவராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டாள். அம்மா திமிறுகிறாள். "யாரும் சாகல! ஐயோ, யாரும் சாகலங்க! அவரு பழகுறாரு!"

"என்னது, பழகுறாரா?"

பாறையின் மேல் அப்பா இரண்டு குச்சிகளையும் பிடித்தபடி எழுந்து நின்றார். கூட்டம் முழுவதும் நிமிர்ந்து அவரைப் பார்த்தது.

அழுகை நின்ற வேகத்தை நான் மறக்கமாட்டேன். உடனே ஏச்சு தொடங்கியது. சாவுத் தப்பு கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். கீழ்ப்பிரிவில் முப்பது அடுப்பும் அணைந்து, முப்பது சட்டி இறைச்சியும் பாதி வேக்காட்டில் கிடந்தது.

"வாரத்துல ஒரு நாளு! ஒரே ஒரு நாளுதான்யா!" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உசிரோட இருக்கவனுக்கு எல்லாம் அடிச்சிக்கிட்டு இருந்தா, செத்தவனுக்கு என்னத்தய்யா அடிப்ப?" என்றார் இன்னொருவர்.

இதைவிட மோசம் எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் நடந்திருந்தது. அங்கே ஒரு பெரியவர் இரண்டு மாதமாகப் படுக்கையில். தப்புச் சத்தத்தைக் கேட்டு விழித்தவர், மருமகளைக் கூப்பிட்டு, "எனக்கா அடிக்கிறாங்க?" என்று கேட்டாராம். மருமகள் வெளியே வந்து அதைச் சொன்னதும், ஏசிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டே போகும்போது ஒருவன் என் பக்கம் திரும்பி, "நல்லாப் படி தம்பி. ஒங்கப்பன் ஒனக்கும் சேத்து அடிச்சிருவாரு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது. அப்பா பாறையிலிருந்து கெந்திக் கெந்தி இறங்கி வந்து, "கடைசி சுத்துலதான் தம்பி வழுக்கிருச்சு..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் விடவில்லை.

"போதும்ப்பா! ஒங்களுக்கு வராது. ஒரு மாசமில்ல, ஒம்போது மாசம் அடிச்சாலும் வராது. என் மானம் போறதுக்கு நான் மலைக்கே போறேன். என் பேரையே பதிஞ்சிருங்க. இந்தக் கருமத்த விட்டுத் தொலைங்க!"

அப்பா "சரிய்யா," என்றார். தப்பைக் கொண்டுபோய்ச் சுவர் ஆணியில் மாட்டினார். குச்சிகளை அடுப்புக்குப் பக்கத்தில் மிளாறுக் கட்டின்மேல் வைத்தார்.

அடுத்த இரண்டு நாள் நான் வருந்தித் துடித்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. நன்றாகப் படித்தேன். புகை இல்லை, சத்தம் இல்லை. மூன்று வாரமாகப் பிடிபடாத தேற்றம் திங்கட்கிழமை மாலை அரை மணி நேரத்தில் பிடிபட்டது. அப்பாடா என்றிருந்தது.

புதன்கிழமை வீடு வந்தபோது, அம்மா விளக்கடியில் உட்கார்ந்து அப்பாவின் கம்பளியைத் தைத்துக்கொண்டிருந்தாள். மழைக்குள் மலைக்குப் போகும்போது தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொள்ளும் முரட்டுக் கம்பளி. ஓரத்தை மடித்து மடித்துத் தைத்தாள்.

"எதுக்கும்மா அத மடிக்கிறீங்க? அப்பாவுக்குக் கட்டையாப் போயிருமே?"

அம்மா ஊசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அப்பாவுக்கு எதுக்கு இனிமே? ஒனக்கு நீளமா இருக்கும்ல. சரிவுல தடுக்கும்."

நான் கோபத்தில் வீசிய சொல்லை அவர்கள் இரண்டு பேரும் அப்படியே முடிவாக எடுத்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கண்டாக்கையாவிடம் போய் என் பேரைக் கொடுக்கப்போவதாக அப்பா சொல்லியிருந்தாராம். நான் சும்மா சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ரோசம் விடவில்லை. அதற்குள் சுவருக்கு மேலே இருந்து குரல் வந்தது.

"அண்ணே! உசிரோட இருக்கீங்களா?"

அப்பா நிமிர்ந்து, "இருக்கேன் ஆத்தா," என்றார்.

"மூணு நாளா சத்தத்தக் காணோமே? ஒங்க சத்தத்த வச்சித்தான் ரொட்டியத் திருப்பிப் போடுவேன். மூணு நாளா ரொட்டி கருகிப்போகுது!"

"நீதான ஆத்தா நிறுத்து நிறுத்துன்னு கத்துன?"

"கத்துவேன்! என் காதுக்குப் பக்கத்துல அடிச்சா கத்தமாட்டேனா? அதுக்குன்னு நிறுத்திருவாங்களா ஒரு மனுசரு?" அத்தை இப்போது சுவரைச் சுற்றி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் மாவு. "மொத வாரம் எண்ணிப் பாத்தேன். பத்து வாட்டி அடிச்சா பத்தும் சாவுக்குப் போச்சு. ரெண்டாவது வாரம் மூணு வாட்டி நின்னுச்சு. போன ஞாயித்துக்கெழம பாறையில ஒக்காந்து எட்டு வாட்டி அடிச்சீங்க பாருங்க, எட்டும் சுத்தம். பெரட்டுன்னே நெனச்சிக் கூடையத் தேடுனேன், ஞாயித்துக்கெழமைங்கிறதே மறந்துபோச்சு. அதுக்கப்புறம் கை சோந்து போச்சு. அதுதான் கீழ்ப்பிரிவுக்குக் கேட்டுருச்சு. அந்தப் பயலுகளுக்கு மொத எட்டு வாட்டி கேக்கலியாக்கும்!"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஒரே காம்பராவுலதான இருந்த தம்பி? நீயாவது சொல்லக்கூடாது?"

எட்டு முறை அப்பா சரியாக அடித்தபோது என் காதில் பஞ்சு இருந்தது. நிறுத்து நிறுத்து என்று மாலை முழுவதும் ஏசியவள் ஒவ்வொரு அடியையும் எண்ணியிருக்கிறாள். எந்த மனுசர் என்னை மலையிலிருந்து காப்பாற்ற அடித்தாரோ அவருடைய ஒரு அடியைக்கூட நான் காதுகொடுத்துக் கேட்கவில்லை.

அப்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நான் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் இங்கிலீஷ் புத்தகத்தைத் தினமும் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்வார்கள். அப்பா கவ்வாத்து முடிந்து வந்து, சாப்பிடாமல்கூட என் எதிரில் குந்தியிருந்து கேட்பார். அவருக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. ஆனால் ஒரு நாள் சொன்னார்: "நேத்து இந்த எடத்துல தடுக்கி நின்ன. இன்னைக்கு நிக்கல." எனக்கு ஒரே ஆச்சரியம். உண்மைதான், அந்த நீளமான சொல் முந்தைய நாள் வரவில்லை, அன்றைக்கு வந்துவிட்டது. என்ன படிக்கிறேன் என்று தெரியாத மனிதருக்கு, நான் எங்கே தடுக்கினேன் என்று தெரிந்திருக்கிறது. அடுத்த நாள் இன்னும் ஒரு பக்கம் கூடப் படித்தேன்.

நல்ல மகன் என்றால் அந்த இடத்தில் அப்பா காலில் விழுந்திருக்கவேண்டும். நான் எழுந்துபோய் ஆணியிலிருந்து தப்பை எடுத்து அவர் மடியில் போட்டு, எரிச்சலோடு, "அடிங்க," என்றேன். எரிச்சல் அப்பாமேல் அல்ல. ஆனால் அன்றைக்கு என்னிடம் வேறு குரல் இல்லை.

"நீ படிக்கணுமேய்யா?"

"கேட்டுக்கிட்டே படிப்பேன். அடிங்கப்பா. குச்சிய எங்க வச்சீங்க?"

குச்சிகளை அம்மா ஏற்கனவே மிளாறுக் கட்டிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். அவை அடுப்புக்குப் போகாமல் மூன்று நாளாக அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

அன்றையதோடு மிச்சம் இருந்தது ஐந்து மாலை. நான் சின்ன வயதுச் சிலேட்டைத் தேடி எடுத்து, சரியாக வந்த ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வாயால் எண்ணினாள். எங்கள் இரண்டு பேர் கணக்கும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை.

"பதினொன்னு!" என்பாள் அத்தை.

"பத்துதான் அத்தை! அந்த ஆறாவது சுத்து இழுத்துச்சு!"

"இழுக்கல! ஒனக்குக் காது சரியில்ல!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா? நான் அடிக்க வேணாமா?" என்றார் அப்பா. அவர் வாழ்நாளில் யாரையும் அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதட்டிய வேகத்தில் தொடர்ந்து பதினைந்து சுற்று சுத்தமாக அடித்தார். அந்தப் பதினைந்தில் எனக்கும் அத்தைக்கும் சண்டை இல்லை.

உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டே பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. இடது கையை அப்பா குனிந்து பார்க்கும்போதெல்லாம் அது பிந்தியது. பார்க்காதபோது ஓடியது. அதைச் சொன்னேன். அந்த மாதம் முழுவதும் லயம் சொன்ன நூறு யோசனைகளில், அவர் அடிப்பதைக் கேட்டுவிட்டுச் சொன்ன யோசனை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை விடியற்காலை. மழையில்லை, பனி. கோவில் மேட்டில் கண்டாக்கையா கோட்டும் டோர்ச் லைட்டுமாக நின்றார். அப்பா தப்பை அனலில் காட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

முதல் சுற்று வந்தது. இரண்டாவதும் வந்தது. கண்டாக்கையா டோர்ச்சை அப்பாவின் கைமேல் அடித்தார். வெளிச்சம் விழுந்ததும் அப்பா தன் கையைப் பார்த்தார். பார்த்ததும் இடது கை பிந்தியது. அடி இழுபட்டது. இன்னும் ஒரு சுற்று போனால் கீழ்ப்பிரிவில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

அப்போது பனிக்குள்ளிருந்து, எங்கள் லயத்துப் பக்கமிருந்து, அந்தக் குரல் வந்தது.

"அண்ணே! இங்க யாரும் சாகலண்ணே! கொழுந்துக்குத்தான் போறோம்!"

லயத்துக்கு லயம் சிரிப்பு எழும்பியது. மேல் லயம் சிரித்து, கீழ் லயம் சிரித்தது. கடைசிக் காம்பராப் பெரியவர், "இன்னைக்கும் எனக்கில்லையா?" என்று கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை சிரித்த அதே ஆட்கள்தான். ஆனால் அன்றைக்கு அப்பாவும் சிரித்தார். சிரித்தபோது தோள் தளர்ந்தது, முகம் கையை விட்டு நிமிர்ந்து பனியைப் பார்த்தது. இடது குச்சி ஓடத் தொடங்கியது. விறுவிறுவென்று, தூங்குகிறவனைத் தோளைப் பிடித்து உலுக்குகிறமாதிரி. நான் எண்ணினேன். இருபத்திரண்டு சுற்று. அத்தை இருபத்து மூன்று என்பாள்.

பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிறைந்ததும் கண்டாக்கையா கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "எடது கை இன்னும் சரியில்ல," என்றார். டோர்ச்சைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டே, "நாளைக்கும் வா," என்றார்.

அப்பா தப்பைத் தோளிலிருந்து இறக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்து, "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, ஓடு," என்றார்.

ஓடினேன். டிசம்பரில் பரீட்சை எழுதினேன், பாசானேன். இப்போது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். மடித்துத் தைத்த கம்பளியை அம்மா தையல் பிரித்து அப்பாவிடமே கொடுத்துவிட்டாள். விடியற்காலைப் பனிக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் இன்றும் கோவில் மேட்டுக்குப் போகிறார். குளிர் அதிகமான நாட்களில் இடது கை இன்னும் பிந்தத்தான் செய்கிறதாம். அத்தையும் இன்னும் கத்தத்தான் செய்கிறாளாம்.

என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். ஒரே பாடத்தை மூன்று வாரமாகப் படிக்கிறாள், மூன்று வாரமாக அதே வரியில் நிற்கிறாள். எனக்கு எரிச்சல் வருகிறது. நான் பொறுமைசாலி இல்லை, அந்த ஐப்பசியிலும் இல்லை, இப்போதும் இல்லை. போன வாரம் அவள் நிற்கிற அந்த வரியில் ஒரு சொல் தள்ளி நின்றாள். அதை அவளிடம் சொன்னேன். எரிச்சல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், ஏச வேண்டுமானால் ஏசியும் கொள்ளலாம், ஆனால் ஒருவர் விடாமல் முயன்றுகொண்டிருக்கும்போது நாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது என்று அந்தத் தப்புச் சத்தம் எனக்கு இன்றைக்கும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.